குயில்ட் தையலுக்கான செயற்கை நூல்கள்

குயில்ட் என்பது மூன்று அடுக்குகளை ஒன்றாகத் தைத்துச் செய்யப்படும் போர்வை ஆகும். மேலே, சிறு துணித் துண்டுகளை இணைத்து உருவாக்கிய மேற்புறத் துணி. நடுவே, தட்டையாக விரித்த பஞ்சு. கீழே, முழுத்துணியால் ஆன அடிப்புறம். துண்டுகளை ஒன்றோடொன்று தைத்து மேற்புறத்தை உருவாக்குவது துண்டிணைப்பு எனப்படும். மூன்று அடுக்குகளும் நகராமல் இருக்க ஊடுருவித் தைப்பது குயில்ட் தையல் எனப்படும். வங்காளத்தின் காந்தா, மராட்டியத்தின் கோதடி ஆகியவை இதற்கு உறவான கலைகள். எனினும் இக்கட்டுரை பேசும் நூல் பற்றிய விவாதம் பெரும்பாலும் அமெரிக்கக் குயில்ட் மரபைச் சார்ந்தது.

விவாதம் எளிமையானது: பருத்தித் துணியால் ஆன குயில்ட்டை பாலியெஸ்டர், நைலான் போன்ற செயற்கை நூல்களால் தைக்கலாமா? தைத்தால் துணி விரைவில் கிழியுமா? ஒரு குயில்ட்டைத் தைத்து முடிக்கப் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள்கூட ஆகின்றன. பேரப்பிள்ளைகள் வரை நிலைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு தைக்கப்படும் பொருள் அது. ஆகவே சில நூறு ரூபாய் நூலைப் பற்றிய கேள்வி, அத்தனை உழைப்பையும் பற்றிய கேள்வியாக ஆகிவிடுகிறது.

பருத்திக்குப் பருத்தி என்ற விதி

பருத்தித் துணியைப் பருத்தி நூலால்தான் தைக்க வேண்டும் என்பது குயில்ட் கலைஞர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் விதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படி ஒரு விதி தேவைப்படவில்லை. கடையில் கிடைத்தவை பருத்தியும் பட்டும் லினனும்தான். நைலான் 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்சின் ஆய்வுக் குழுவால் உருவாக்கப்பட்டது. ஆடைகளுக்கான பாலியெஸ்டர் இழையை 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சனும் கண்டறிந்தனர். இங்கிலாந்தில் டெரிலீன், அமெரிக்காவில் டேக்ரான் என்ற பெயர்களில் அது 1950களில் சந்தைக்கு வந்தது.

1970களில் அமெரிக்காவில் குயில்ட் கலை மறுமலர்ச்சி கண்டபோது, துணிக்கடைகள் பாலியெஸ்டர் பின்னல் துணிகளாலும் பாலியெஸ்டர்-பருத்திக் கலப்புத் துணிகளாலும் நிரம்பியிருந்தன. கலப்புத் துணி மடிப்பைச் சரியாகப் பிடிப்பதில்லை. சிறு துண்டுகளைத் துல்லியமாக இணைப்பதற்கு அது தொல்லை. எனவே தூய பருத்தியைத் தேடிப்பிடித்து வாங்குவது ஒரு கொள்கையாகவே மாறியது. துணிக்குப் பொருத்தமாக இருந்த அந்தக் கொள்கை, அதிகம் ஆராயப்படாமலே நூலுக்கும் நீண்டது எனலாம். அதே காலத்தில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் ஊரில், கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடைகளையும் கையில் கிடைத்த பாலியெஸ்டர் பின்னல் துணிகளையும் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தனர். அவ்வூர்க் குயில்ட்டுகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பெரும் பாராட்டைப் பெற்றன. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை.

நூல் துணியை அறுக்குமா?

'பாலியெஸ்டர் நூல் கத்தி போலப் பருத்தியை அறுத்துவிடும்' என்பதே விதிக்குச் சொல்லப்படும் காரணம். இதில் இரண்டு வெவ்வேறு கூற்றுகள் கலந்துள்ளன. பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதற்கூற்று, பாலியெஸ்டர் இழையின் மேற்பரப்பு கூர்மையானது என்பது. இது சரியன்று. வழக்கமான பாலியெஸ்டர் இழையின் குறுக்குவெட்டு வட்டமானது, மேற்பரப்பு வழவழப்பானது. பளபளப்புக்காகச் செய்யப்படும் மும்மடல் இழையின் குறுக்குவெட்டு முக்கோணத்தைப் போல இருந்தாலும் அதன் முனைகள் மழுங்கியவை. ஒளியைத் திருப்பி அனுப்பவே அந்த வடிவம், அறுப்பதற்கு அன்று.

இரண்டாம் கூற்று கவனிக்கத்தக்கது. தையலை யாராவது வலுவாக இழுத்தால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். நூல் அறுந்தால் பத்து நிமிடத்தில் மீண்டும் தைத்துவிடலாம். நூல் துணியைவிட வலுவாக இருந்தால் தையலை ஒட்டித் துணியே கிழியும். அதைச் சரிசெய்ய ஒட்டுப் போடுவது தவிர வேறு வழியில்லை. எனவே நூல் துணியைவிடச் சற்று வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நியாயமானதே. ஆனால் இங்கே முடிவுசெய்வது நூலின் மொத்த வலுதான், அது எந்த மூலப்பொருளால் ஆனது என்பது அன்று. ஒரே பருமனில் பாலியெஸ்டர் நூல் பருத்தி நூலைவிடத் தெளிவாக வலுவானது. அதனால், பாலியெஸ்டரைத் தெரிவுசெய்பவர் பருத்தியில் எடுப்பதைவிட மெல்லியதாக எடுத்தால் கணக்கு சமனாகிவிடும். தடித்த, பலமுறை முறுக்கிய பருத்தி நூலும் மெல்லிய துணியைக் கிழிக்கவல்லது.

அன்றாட வாழ்விலும் ஒரு சான்று உண்டு. பருத்திச் சட்டைகளில் பெரும்பாலானவை இன்று பாலியெஸ்டர் நூலாலோ பாலியெஸ்டர் உட்கரு கொண்ட நூலாலோதான் தைக்கப்படுகின்றன. பழைய சட்டையில் முதலில் நைவது எது? காலரின் மடிப்பு விளிம்பு. கழுத்தில் உரசும் இடம் அது. தையல் ஓடும் இடம் அன்று. துணியைத் தேய்ப்பது உராய்வுதான்.

பழைய குயில்ட்டுகளில் துணி சிதைந்திருப்பதைக் காட்டி நூலைக் குறை சொல்வதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குயில்ட்டுகளில் பழுப்பு, கறுப்பு நிறத் துண்டுகள் மட்டும் பொடிந்துபோய், பக்கத்துத் துண்டுகள் நன்றாக இருப்பதைக் காணலாம். சாயத்தைப் பிடிக்கச் செய்யப் பயன்படுத்திய இரும்பு உப்புகளே இதற்குக் காரணம். அவை நாளடைவில் பருத்தி இழையை அரித்துவிடுகின்றன. அக்குயில்ட்டுகளைத் தைத்தது பருத்தி நூல்.

மறுபக்கத்துக்கும் ஒரு வலுவான வாதம் உண்டு. பருத்தி நூலால் தைத்து 150 ஆண்டுகள் கடந்த குயில்ட்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. பாலியெஸ்டர் பிறந்தே நூறாண்டு ஆகவில்லை. ஆகவே நூறாண்டு கண்ட பாலியெஸ்டர் தையல் உலகில் எங்கும் இல்லை. நெடுங்காலம் காக்கப்பட வேண்டிய ஒரு படைப்பில் பழகிய வழியைவிட்டு விலக ஒருவர் தயங்கினால் அதைக் குறை சொல்ல முடியாது. அடிக்கடி துவைத்து, நாய்க்குட்டியும் குழந்தையும் இழுத்துப் புரளும் போர்வைக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. ஆனால் மிகப் பழைய குயில்ட்டைப் பழுதுபார்க்கும்போது மட்டும், நைந்த துணியைவிட வலுவான எந்த நூலையும் தவிர்ப்பதே நல்லது. அது பருத்தியானாலும் சரி.

இழையின் அமைப்பு

கடையில் 'பாலியெஸ்டர்' என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் பல வேறுபட்ட நூல்கள்.

நம் ஊர்த் தையற்கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது ஸ்பன் பாலியெஸ்டர். நீண்ட பாலியெஸ்டர் இழைகளைப் பருத்தியின் நீளத்துக்கு வெட்டி, பருத்தியைப் போலவே நூற்று, இரண்டு அல்லது மூன்று புரிகளாக முறுக்கியது. தோற்றத்தில் பருத்தி நூலை ஒத்திருக்கும். மேற்பரப்பில் நுண்ணிய மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மலிவான நூலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருப்பது தெரியும். குயில்ட் வேலைக்கு அத்தகைய நூல் வேண்டாம். தடித்த இடம் ஊசியின் கண்ணில் சிக்கும். மெலிந்த இடம் அறும்.

தொடரிழை நூலில் இழைகள் வெட்டப்படுவதில்லை. கண்டின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இழை ஓடுகிறது. மயிர்கள் இல்லாததால் பஞ்சுத் தூசி மிகக் குறைவு. பாபின் கேசுக்கு அடியில் சேரும் தூசியைத் தூரிகையால் வாரம் ஒருமுறை கிளறி எடுப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். அமெரிக்காவின் சுப்பீரியர் நிறுவனம் விற்கும் 'பாட்டம் லைன்' இவ்வகையைச் சேர்ந்தது. மும்மடல் இழை நூலும் தொடரிழை நூலே. பட்டைப் போல மின்னும். பூத்தையல் இயந்திரங்களுக்காக உருவானது, இப்போது குயில்ட் தையலிலும் பரவலாகப் புழங்குகிறது.

உட்கரு நூலில் நடுவே பாலியெஸ்டர் தொடரிழையும் அதைச் சுற்றிப் பருத்தியோ வெட்டிழைப் பாலியெஸ்டரோ இருக்கும். வலுவும் வேண்டும், பருத்தியின் மங்கிய தோற்றமும் வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்றது.

ஒற்றையிழை நூல் என்பது ஒரே ஒரு கண்ணாடி போன்ற இழை. தூண்டிலில் கட்டும் நரம்பின் மெல்லிய தம்பி. நைலானிலும் பாலியெஸ்டரிலும் கிடைக்கிறது. அமெரிக்காவில் இயந்திரத்தால் குயில்ட் தைப்பது பரவத் தொடங்கிய 1980களில், தையல் கண்ணுக்குத் தெரியாமல் கோடு மட்டும் பள்ளமாகத் தெரிய வேண்டும் என்று பலர் இதைப் பயன்படுத்தினர். கைத்தையலைப் போலத் தோன்றச் செய்வது அன்றைய நோக்கம். 1989இல் கென்டக்கி மாநிலத்தின் பதூகா நகரில் அமெரிக்கக் குயில்ட்டர் சங்கம் நடத்திய காட்சியில் கேரில் பிரையர் ஃபாலர்ட்டின் 'கரோனா 2' முதற்பரிசு பெற்றது. இயந்திரத்தால் குயில்ட் தைத்த படைப்பு அங்கே அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. அதன்பின் தையலை மறைக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. நூலே ஓவியத்தின் கோடாக மாறியது.

ரேயான் நூல் மரக்கூழிலிருந்து வருவதால் முழுச் செயற்கை நூல் அன்று. ஈரத்தில் வலு இழப்பதால் துண்டிணைப்புக்குப் பயன்படாது. சுவரில் மாட்டும் படைப்புகளில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பருமனும் எண்களும்

நூற்கண்டின் மேல் உள்ள எண்களே புதியவர்களை அதிகம் குழப்புபவை. மூன்று நான்கு அளவு முறைகள் ஒரே அலமாரியில் கலந்திருக்கின்றன.

டெக்ஸ் என்பது 1,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். இவ்விரண்டிலும் எண் கூடினால் நூல் தடிமன் கூடும். வெயிட் என்ற எண் தலைகீழானது: ஒரு கிலோகிராம் எடைக்கு எத்தனை கிலோமீட்டர் நூல் என்பதைச் சொல்வது. 40 வெயிட் நூலில் 40 கிலோமீட்டர் ஒரு கிலோ. 60 வெயிட் நூலில் 60 கிலோமீட்டர் ஒரு கிலோ. எண் கூடினால் நூல் மெல்லியது. ஆயிரத்தை வெயிட் எண்ணால் வகுத்தால் டெக்ஸ் கிடைக்கும்: 40 வெயிட் 25 டெக்ஸ், 50 வெயிட் 20 டெக்ஸ், 100 வெயிட் 10 டெக்ஸ்.

இந்தியக் கடைகளில் அதிகம் காணப்படுவது டிக்கெட் எண். செயற்கை நூலில் மூவாயிரத்தை டிக்கெட் எண்ணால் வகுத்தால் டெக்ஸ் வரும். 120 டிக்கெட் நூல் 25 டெக்ஸ். 75 டிக்கெட் 40 டெக்ஸ். இங்கேதான் ஏமாற வாய்ப்பு. 100 என்று அச்சிட்ட நூலைப் பார்த்து, 100 வெயிட் போல மயிரிழை நூல் என்று நினைத்துவிடலாம். அது டிக்கெட் எண்ணாக இருந்தால் 30 டெக்ஸ். அதாவது 33 வெயிட் அளவுக்குத் தடித்தது. அந்த 100 சில வேளைகளில் கண்டில் உள்ள மீட்டரின் எண்ணிக்கையாகவும் இருக்கும்! வெயிட் எண்ணையும் எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் கணக்கிடுவதில்லை. ஒரே 50 என்ற எண் கொண்ட இரண்டு நூல்கள் பருமனில் வேறுபடலாம். எனவே பொட்டலத்தில் டெக்ஸ் எண் இருந்தால் அதையே நம்புவது நல்லது. இல்லையென்றால் இரண்டு நூல்களையும் ஒன்றாக மடக்கி முறுக்கி, விரல்களுக்கு இடையே உருட்டிப் பார்த்தால் போதும். விரல் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை.

துண்டிணைப்பில்

துண்டிணைப்பில் தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். துண்டுகளைத் தைத்தபின் ஓரத்தை ஒரு பக்கமாக மடித்து இஸ்திரி போடுகிறார்கள். அந்த மடிப்பு நூலின் மேல் ஏறி இறங்க வேண்டும். நூல் தடித்தால் மடிப்பு அதிகத் துணியை விழுங்கும். ஒவ்வோர் இணைப்பிலும் அரை மில்லிமீட்டர் போனாலும், 16 துண்டுகள் கொண்ட ஒரு வரிசையில் 15 இணைப்புகளுக்கு 7.5 மில்லிமீட்டர் குறையும். கணக்குப்படி வெட்டிய கரைத்துணியோடு அதைப் பொருத்தும்போதுதான் சிக்கல் தெரியும். அதற்குள் எல்லாம் தைத்தாகிவிட்டிருக்கும்.

ஆகவே துண்டிணைப்புக்கு 50 அல்லது 60 வெயிட், அதாவது 20 முதல் 17 டெக்ஸ் அளவுள்ள நூல் பொருத்தம். பாலியெஸ்டரில் 60 வெயிட்கூடத் தேவையான வலுவைத் தரும். பருத்தியில் அந்த மெல்லிய அளவுக்குப் போகத் தயங்க வேண்டியிருக்கிறது. செயற்கை நூலின் உண்மையான ஆதாயம் இங்கேதான் இருக்கிறது. ஊசி 70 அல்லது 75 எண், தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர். நிறம் சாம்பலோ வெளிர் பழுப்போ இருந்தால் பெரும்பாலான துணிகளோடு ஒத்துப்போகும்.

பாலியெஸ்டரின் குறை அதன் நீட்சி. பருத்தி நூல் சிறிதே நீண்டு அறும். பாலியெஸ்டர் அதைவிட இரு மடங்குக்கு மேல் நீளும், பிறகு சுருங்கித் தன் நீளத்துக்குத் திரும்ப முயலும். இயந்திரத்தின் டென்ஷன் அதிகமாக இருந்தால் நீண்ட நிலையிலேயே நூல் துணியில் பதிகிறது. சற்று நேரத்தில் சுருங்கித் துணியை இழுத்துச் சுருக்கங்களை உண்டாக்குகிறது. துணியில் சுருக்கம் கண்டால் நூலை மாற்றுமுன் டென்ஷனைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். பாபினையும் மெதுவாகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் இழை நீண்டே சுற்றிக்கொள்ளும். ஒற்றையிழை நூலைப் பாபின் நிறைய வேகமாகச் சுற்றினால் பிளாஸ்டிக் பாபினே நெளிந்துவிடக்கூடும்; பாதியளவு சுற்றினால் போதும்.

வழவழப்பான தொடரிழை நூல் தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் எளிதில் அவிழும். துண்டுகளின் ஓரங்கள் மற்றொரு தையலால் கடக்கப்படும் இடங்களில் கவலை இல்லை. மேற்புறத்தின் வெளிவிளிம்பில் மட்டும் இரண்டு மூன்று தையல் பின்னோக்கிப் போட்டுப் பூட்ட வேண்டும்.

குயில்ட் தையலில்

இங்கே நூல் கண்ணில் படுகிறது. எனவே தெரிவு பாதி அழகு சார்ந்தது. கோலம் போன்ற பெரிய வளைவுகள் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் 40 வெயிட் மும்மடல் நூல். பின்னணியை நெருக்கமான சிறு சுழிகளால் நிரப்ப வேண்டுமானால் 60 முதல் 100 வெயிட் வரை. அங்கே தடித்த நூல் போட்டால் தையல் தையலின் மேல் ஏறிக் குயில்ட் பலகை போல விறைத்துவிடும். 40 வெயிட் நூலுக்கு 90 எண் டாப்ஸ்டிச் ஊசி ஏற்றது. அதன் கண் பெரியது, நூல் உராயாமல் போகும். மேலே பருத்தி, பாபினில் மெல்லிய பாலியெஸ்டர் என்று கலந்து தைப்பதிலும் தவறில்லை. மெல்லிய நூல் பாபினில் அதிக நீளம் கொள்ளும் என்பது பெரிய குயில்ட்டில் சிறிய உதவி அன்று.

கைத்தையலுக்குப் பாலியெஸ்டரைவிடப் பருத்தியே நன்று. பாலியெஸ்டர் முறுக்கிக்கொண்டு வழியில் தானாகவே முடிச்சிட்டுக்கொள்ளும். வேண்டிய இடத்தில் போடும் முடிச்சோ நழுவும். மெழுகு போன்ற பூச்சு கொண்ட கைத்தையல் நூலை இயந்திரத்தில் ஏற்றக் கூடாது; பூச்சு உரிந்து டென்ஷன் தகடுகளில் படியும்.

கைக்குழந்தைக்கான குயில்ட்டில் ஒற்றையிழை நூலைப் பயன்படுத்தவே கூடாது. அறுந்தால் அது கண்ணுக்குத் தெரியாத கண்ணியாக வெளியே நிற்கும். குழந்தையின் கைவிரலிலோ கால்விரலிலோ சுற்றிக்கொண்டால் எளிதில் அறாது, இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். நூல் பற்றிய மற்ற அறிவுரைகளில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு, இதில் இல்லை.

சூடு, வெயில், சலவை

இஸ்திரிப் பெட்டியின் பருத்தி நிலை சுமார் 200 பாகை செல்சியஸ். பாலியெஸ்டர் 250 முதல் 260 பாகையில் உருகும். எனவே வழக்கமாக இஸ்திரி போடும்போது தையல் உருகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பெட்டியை ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் போகாமல் இருந்தால் சரி. நைலான் 6 வகை ஏறத்தாழ 220 பாகையில் உருகும், அதற்கு முன்பே இளகும். பருத்தி நிலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு. மேலும் நைலான் வெயிலிலும் காலப்போக்கிலும் மஞ்சளாகி நொறுங்கும் தன்மை கொண்டது. குளோரின் வெளுப்பானும் அதைக் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியாத நூல் வேண்டும் என்றால் நைலானை விடுத்துப் பாலியெஸ்டர் ஒற்றையிழையை வாங்குவதே தக்கது.

சலவையில் பாலியெஸ்டர் சுருங்குவதில்லை, ஈரத்தையும் அதிகம் உறிஞ்சுவதில்லை. நம் மழைக்காலத்தில் பெட்டிக்குள் மடித்து வைக்கும் போர்வைகளில் பூஞ்சை பிடிக்கும்போது பருத்தி நூல் இற்றுப்போகலாம், பாலியெஸ்டர் நூல் தாக்குப்பிடிக்கும். துணியும் பருத்தியாக இருக்கும்வரை அது பாதி ஆறுதல்தான்.

இன்ன நூல் என்று தெரியாதபோது

பெயர்த்தாள் கிழிந்த பழைய கண்டுகள் எல்லாத் தையற்பெட்டியிலும் உண்டு. அவற்றை அடையாளம் காண எரித்துப் பார்ப்பதே பழைய வழி. ஒரு சாண் நூலை இடுக்கியால் பிடித்து, தண்ணீர் நிறைந்த கிண்ணத்துக்கு மேலே தீக்குச்சியைக் காட்ட வேண்டும். பருத்தி உடனே பற்றும். காகிதம் எரியும் வாடை வரும். மிஞ்சுவது ஊதினால் பறக்கும் சாம்பல். பாலியெஸ்டர் சுருண்டு உருகும், கரும்புகை விடும், ஆறியபின் கடினமான கறுப்பு மணியாக நிற்கும். உட்கரு நூலில் இரண்டும் தெரியும்: வெளியே சாம்பல், உள்ளே மணி. உருகிய துளி தோலில் ஒட்டிச் சுடும் என்பதால் இதைச் சிறுவர்களிடம் விடக்கூடாது.

பழைய பருத்தி நூலை இரு கைகளாலும் பற்றிச் சடக்கென இழுத்துப் பார்க்கலாம். மெல்லிய ஒலியோடு எதிர்த்து நின்று அறுந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. சத்தமின்றிப் பிரிந்தால் அதை ஓட்டுத்தையலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.